கிளையுரிமை பெறத் தகுதி யாது?
மும்பைச் சிற்றுண்டி வணிகம் தரும் படிப்பினை

மும்பை மாநகரின் நடுவே, சுமார் 240 ஹெக்டேர் பரப்பில் அமைந்துள்ள தாராவியில், பொழுது புலர்வதற்கு முன்னரே பல வீடுகளில் அடுப்புகள் எரியத் தொடங்கிவிடுகின்றன. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்து குடியேறிய குடும்பங்கள் முந்திய நாளே அரைத்துப் புளிக்கவைத்த மாவை ஆவியில் வேகவைத்து, இட்லிகளைப் பெரிய அலுமினியப் பாத்திரங்களில் நிரப்புகின்றன. சட்னி, சாம்பார் வாளிகளோடு அவற்றைச் சுமந்துகொண்டு சைக்கிள்கள் நகரெங்கும் செல்கின்றன. மின்விளக்கு ஒளிரும் கண்ணாடிக் கடைகளிலும் இதே இட்லியும் தோசையும் விற்பனையாகின்றன. அங்கே பெயர்ப்பலகை ஒருவருடையது. கல்லாவில் அமர்ந்திருப்பவர் வேறொருவர். பெயரை அளித்தவருக்கும் கடையை நடத்துபவருக்கும் இடையே உள்ள ஒப்பந்தத்தையே வணிக உலகம் 'பிரான்சைஸ்' என்கிறது. இக்கட்டுரையில் அதனைக் 'கிளையுரிமை' என்று குறிப்பிடுவோம்.

சுயதொழில் தேடும் இளைஞர்களுக்கும், பணி ஓய்வு பெற்றோருக்கும் இன்று இது ஒரு முக்கிய வாய்ப்பாக முன்வைக்கப்படுகிறது. இவ்வுரிமையைப் பெற ஒருவருக்கு இருக்கவேண்டிய தகுதிகள் யாவை? அத்தகுதிகளை வகுப்பவர் யார்? அவை உண்மையில் திறமையை அளக்கின்றனவா, அல்லது கையிருப்பை மட்டுமே அளக்கின்றனவா? இவ்வினாக்களை மாணவர்களும் அலுவலர்களும் ஆராய்ந்து பார்ப்பது பயனுடையதாகும்.

கிளையுரிமை என்பது என்ன?

ஒரு பொருளை வாங்கி விற்கும் முகவர் முறை பழமையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், அமெரிக்காவின் சிங்கர் தையல் இயந்திர நிறுவனம் தன் இயந்திரங்களை விற்கும் உரிமையைப் பகுதிவாரியாகத் தனியாருக்கு அளித்தது. இன்றைய கிளையுரிமை முறைக்கு இதனை ஒரு முன்னோடியாகக் கூறுவர். 1955ஆம் ஆண்டில் ரே கிராக் மெக்டொனால்ட்ஸ் உணவகத்தின் கிளைகளைப் பரப்பத் தொடங்கிய பிறகு இம்முறை புது வடிவம் பெற்றது. பொருள் மட்டுமன்றிப் பெயர், வணிகச் சின்னம், சமையல் முறை, கடையின் அமைப்பு, பணியாளர் பயிற்சி ஆகிய அனைத்தும் ஒரே தொகுப்பாக வழங்கப்பட்டன.

இத்தொகுப்புக்கு ஈடாக உரிமை பெறுநர் மூன்று வகைகளில் பணம் செலுத்துகிறார். முதலாவது, தொடக்கத்தில் ஒருமுறை செலுத்தும் உரிமைக் கட்டணம். இரண்டாவது, மாத விற்பனையில் ஒரு விழுக்காடாகச் செலுத்தும் ராயல்டி. மூன்றாவது, விளம்பரத்திற்கான பங்கு. சில நிறுவனங்கள் ராயல்டி வாங்குவதில்லை. தாம் வழங்கும் பொருளின் விலையிலேயே தம் இலாபத்தைப் பெற்றுக்கொள்கின்றன. ஆனால் எவ்வகையாயினும் கடையின் முதலீடு உரிமை பெறுநருடையது; நட்டம் ஏற்பட்டால் அதுவும் பெரும்பாலும் அவருடையதே. இதனை மறந்துவிட்டுத் தகுதியைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

மாட்டுங்காவும் வாஷியும்

மும்பையின் தென்னிந்திய உணவகங்களில் இரு வேறு வழிகளைக் காணலாம். மாட்டுங்காவில் 1940இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ், 1942இல் தொடங்கிய ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் போன்றவை குடும்பத்தினரின் நேரடிக் கண்காணிப்பில் புகழ்பெற்றவை. அங்கே சுவைக்கு உத்தரவாதம் முதலாளியின் கண்ணும் சமையற்காரரின் கையும் ஆகும். கையேடு எதுவும் தேவைப்படவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தொழிலறிவு கைமாறியது.

மற்றொரு வழிக்குத் தோசா பிளாசா நிறுவனம் தக்க சான்றாகும். அதன் நிறுவனர் பிரேம் கணபதி, தூத்துக்குடி மாவட்டத்து நாகலாபுரத்தைச் சேர்ந்தவர். 1990இல் பதினேழு வயதில் பம்பாய்க்கு வந்த அவர், மாஹிமில் ஒரு ரொட்டிக் கடையில் மாதம் 150 ரூபாய் ஊதியத்தில் பாத்திரம் துலக்கினார். 1992இல் வாஷி இரயில் நிலையத்தின் எதிரே தள்ளுவண்டியில் இட்லி, தோசை விற்கத் தொடங்கினார். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு சிறு கடையை வாடகைக்கு எடுத்தார்; புதுப்புதுத் தோசை வகைகளை உருவாக்கிப் பெயர் பெற்றார். 2003இல் தாணேயில் ஒரு வணிக வளாகத்தில் கிளையுரிமை அடிப்படையில் கடை திறக்கப்பட்டது. பின்னர் இந்நிறுவனத்தின் கிளைகள் வெளிநாடுகளிலும் அமைந்தன.

ஒருவரின் கைப்பக்குவம் பிறரும் பின்பற்றக்கூடிய முறையாக மாறினால்தான் கிளையுரிமை தோன்ற முடியும். மாவின் அளவு, கல்லின் சூடு, பரிமாறும் நேரம் ஆகியவை வரையறுக்கப்பட வேண்டும்; பெயரும் சின்னமும் சட்டப்படி பதிவு பெறவேண்டும். மாட்டுங்கா முறையில் தொழிலறிவு மனிதரிடம் இருக்கிறது. தோசா பிளாசா முறையில் அது ஏட்டிலும் இருக்கிறது.

உரிமை வழங்குநர் எதிர்பார்ப்பவை

விண்ணப்பதாரரிடம் நிறுவனங்கள் பொதுவாக ஐந்து தகுதிகளை எதிர்பார்க்கின்றன.

முதலாவது, மூலதனம். இதன் அளவு நிறுவனத்திற்கு நிறுவனம் பெரிதும் வேறுபடும். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம், கடன் வாங்காத சொந்தப் பணமாகக் குறைந்தது 5 இலட்சம் டாலர் கேட்டு வந்துள்ளது. மறுமுனையில், குஜராத் கூட்டுறவுப் பால் விற்பனை இணையம் தன் அமுல் விற்பனை நிலையங்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக வெளியிட்டு வந்த விவரங்களின்படி, 100 முதல் 150 சதுர அடி இடமும் சுமார் 2 இலட்சம் ரூபாய் முதலீடும் போதுமானவை. ராயல்டி கிடையாது. பால் உறைகளுக்கு அச்சிட்ட விலையில் 2.5 விழுக்காடும், பால் பொருள்களுக்கு 10 விழுக்காடும், ஐஸ்கிரீமுக்கு 20 விழுக்காடும் விற்பனையாளருக்குக் கிடைக்கும். சிறு முதலீட்டாளருக்கு ஏற்ற வகை இது. எனினும் பால் மட்டும் விற்றுப் பிழைக்க முடியாது என்பதையும் இக்கணக்கே உணர்த்துகிறது. 1,000 ரூபாய்க்குப் பால் விற்றால் கிடைப்பது 25 ரூபாய்தான்.

இரண்டாவது, இடம். நடமாட்டம் மிகுந்த தெருவில், உரிய பரப்பில், தெளிவான ஆவணத்துடன் கூடிய கடை வேண்டும். மூன்றாவது, நேரம். கடையைப் பிறரிடம் விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் பார்க்க விரும்புவோரைவிட, நாள்தோறும் தாமே கடையில் நிற்பவரையே பல உணவு நிறுவனங்கள் விரும்புகின்றன. நான்காவது, கட்டுப்பாட்டுக்கு உட்படும் இயல்பு. தமக்குத் தெரிந்த சாம்பார் மேலானது என்று கருதிக் கையேட்டை மீறுபவர் சிறந்த சமையற்காரராக இருக்கலாம். கிளையுரிமைக்கு அவர் பொருந்தமாட்டார். ஐந்தாவது, ஆவணங்கள். வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு, 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான உரிமம் அல்லது பதிவு, மாநகராட்சியின் உணவக உரிமம், சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு ஆகியவை இவற்றுள் அடங்கும். உணவு உரிமம் ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியே பெறவேண்டியதாகும். தலைமை நிறுவனத்தின் உரிமம் கிளைக்குச் செல்லாது.

செம்பூரும் தாராவியும்

இவ்வைந்து தகுதிகளையும் இரு மனிதர்க்குப் பொருத்திப் பார்ப்போம். இருவரும் கற்பனை மாந்தரே. ஆயினும் மும்பையை அறிந்தவர்க்கு அயலானவர் அல்லர்.

ஒருவர் செம்பூரில் வசிப்பவர். அருகிலுள்ள சுத்திகரிப்பு ஆலையிலோ உரத் தொழிற்சாலையிலோ முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் கையில் உள்ளன. வீட்டுப் பத்திரம் தெளிவாக உள்ளது. வருமான வரிக் கணக்கு ஒழுங்காக உள்ளது. ஆனால் அவர் இதுவரை ஒரு பொருளையும் விற்றதில்லை. அதிகாலை நான்கு மணிக்குப் பணியாள் வராவிட்டால் என்ன செய்வதென்று அறியார்.

மற்றவர் தாராவியில் இட்லி அவித்து விற்கும் பெண்மணி. எத்தனை இட்லிக்கு எத்தனை கிலோ அரிசி, மழைநாளில் விற்பனை எவ்வளவு குறையும், கடன் சொல்லும் வாடிக்கையாளர் யார், மாவு புளிக்காத குளிர்நாளில் செய்யவேண்டியது என்ன என்பனவெல்லாம் அவருக்கு அத்துப்படி. நேரமும் உழைப்பும் அவரிடம் உண்டு. ஆனால் வரிக் கணக்கு இல்லை. பிணையாக வைக்கப் பத்திரம் இல்லை. சமைக்கும் இடமும் குடியிருக்கும் இடமும் ஒன்றே.

விண்ணப்பங்கள் மேசைக்கு வரும்போது தேர்வாகக்கூடியவர் செம்பூர்க்காரரே. அது நிறுவனத்தின் குற்றமன்று. தாளில் தெரிவதைத்தான் அது மதிப்பிட முடியும். ஆனால் இம்முறையால் இருவருக்கும் தீங்கு நேரிடக்கூடும். முதலாமவர், தமக்குப் பழக்கமில்லாத தொழிலில் வாழ்நாள் சேமிப்பை இழக்கக்கூடும். இரண்டாமவர், தமக்கு நன்கு தெரிந்த தொழிலின் வளர்ச்சியில் பங்கு பெறாமல் போகக்கூடும். 1992இல் வாஷியில் தள்ளுவண்டியின் பின்னால் நின்ற இளைஞர், மேற்கண்ட ஐந்து தகுதிகளையும் கோரும் ஒரு நிறுவனத்திடம் விண்ணப்பித்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் தெளிவாகும்.

தாராவியில் 'தகுதி' என்ற சொல்லுக்கே ஒரு தனிப் பொருள் உண்டு. அங்கு நடைபெறும் மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததைச் சான்றுகளால் மெய்ப்பிப்பவர்க்கே தாராவிக்குள் இலவச வீடு பெறும் தகுதி வகுக்கப்பட்டுள்ளது. பழைய மின் கட்டணச் சீட்டும் வாக்காளர் பட்டியலும் அங்கே ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தை முடிவு செய்கின்றன. முகவரியே ஐயத்திற்கு உட்பட்டிருக்கும் ஒருவர், அந்த முகவரியில் உணவு உரிமமும் வங்கிக் கடனும் பெறுவது எத்துணை கடினம் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

பெறுநர் கேட்கவேண்டிய வினாக்கள்

தகுதி என்பது ஒருவழிப் பாதையன்று. நிறுவனம் விண்ணப்பதாரரை ஆராய்வதுபோல, விண்ணப்பதாரரும் நிறுவனத்தை ஆராயவேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, ஓர் உணவகக் கிளையின் மாத விற்பனை 5 இலட்சம் ரூபாய் என்றும், ராயல்டி 6 விழுக்காடு என்றும் கொள்வோம். ராயல்டி 30,000 ரூபாய். இதன்மீது சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு, அதாவது 5,400 ரூபாய். சாதாரண வணிகத்தில் இவ்வாறு செலுத்திய வரியைப் பின்னர் கழித்துக்கொள்ளலாம். ஆனால் 2017 நவம்பர் முதல், 5 விழுக்காடு வரி செலுத்தும் உணவகங்களுக்கு உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி இல்லை. ஆகவே உண்மைச் செலவு 35,400 ரூபாய். அதாவது ராயல்டி 6 விழுக்காடன்று, 7 விழுக்காட்டுக்கும் மேல். இலாபம் வந்தாலும் வராவிட்டாலும், விற்பனையின் மீது இத்தொகை கணக்கிடப்படும் என்பதே இங்கு முக்கியமானது.

அடுத்து, காலம். உரிமை ஒப்பந்தம் ஐந்தாண்டுகளுக்கு இருந்து, கடையின் வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதங்களுக்கு மட்டும் இருந்தால் முதலீடு முழுவதும் வீட்டுக்காரரின் தயவில் நிற்கும். இரு காலங்களும் ஒத்திருக்க வேண்டும். உரிமையைப் புதுப்பிக்க மறுத்தால், வாங்கிய சாதனங்களை யார் எடுத்துக்கொள்வர் என்பதும் எழுத்தில் இருக்கவேண்டும்.

மூன்றாவது, தொழில் தடை. ஒப்பந்தக் காலத்தில் போட்டி நிறுவனத்தின் தொழிலைச் செய்யக்கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலான ஒப்பந்தங்களில் உண்டு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. எனினும் குஜராத் பாட்டிலிங் நிறுவனத்துக்கும் கோகோ கோலா நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் 1995இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்திற்கு மட்டும் விதிக்கப்படும் இத்தகைய நிபந்தனையைப் பொதுவாகத் தொழில் தடையாகக் கருத இயலாது என்று விளக்கியது. ஒப்பந்தம் முடிந்த பின்னரும் தொடரும் தடையை நீதிமன்றங்கள் அவ்வாறு ஏற்பதில்லை. கையெழுத்திடுமுன் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம்.

நான்காவது, முன்னவர் அனுபவம். ஏற்கெனவே கிளை நடத்துவோரையும், நடத்திக் கைவிட்டோரையும் நேரில் கண்டு கேட்பதைவிடச் சிறந்த ஆய்வு வேறில்லை. இரண்டாம் வகையினரின் பட்டியலைத் தர மறுக்கும் நிறுவனத்திடம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். புகழ்பெற்ற பெயர்களைச் சொல்லிப் போலி இணையதளங்கள் வழியே முன்பணம் பறிக்கும் மோசடிகளும் நடைபெறுகின்றன. நிறுவனத்தின் அலுவலகத்தை நேரில் உறுதி செய்யாமல் பணம் அனுப்பலாகாது.

சட்டத்தின் நிலை

அமெரிக்காவில் மத்திய வணிக ஆணையம் 1978இல் வெளியிட்ட விதி, கிளையுரிமை வழங்குநர் தம் விவரங்களை முன்கூட்டியே வெளிப்படுத்த வேண்டும் என்று கட்டாயமாக்கியது. இன்றைய விதிப்படி, கையெழுத்திடுவதற்கோ பணம் செலுத்துவதற்கோ குறைந்தது 14 நாள்களுக்கு முன்னர் வெளிப்படுத்தல் ஆவணம் விண்ணப்பதாரரிடம் சேரவேண்டும். நிறுவனத்தின் வழக்குகள், தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள், விலகிய கிளையாளர் பட்டியல் ஆகியவை அதில் இடம்பெறும். தமிழர் பெருமளவில் வாழும் மலேசியாவில் 1998ஆம் ஆண்டுக் கிளையுரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அங்கே உரிமை வழங்குநர் அரசிடம் பதிவு செய்யவேண்டும். கையெழுத்துக்கு 10 நாள்களுக்கு முன் ஆவணம் தரவேண்டும். கையெழுத்திட்ட பின்னரும் மனம் மாறுவதற்குக் குறைந்தது ஏழு வேலை நாள்கள் அவகாசம் உண்டு.

இந்தியாவில் கிளையுரிமைக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தச் சட்டம், 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டம், 2002ஆம் ஆண்டு போட்டிச் சட்டம் ஆகியவற்றின் பொதுவான விதிகளே இதற்குப் பொருந்துகின்றன. 2003 ஜூலை 1 முதல் கிளையுரிமைச் சேவைக்குச் சேவை வரி விதிக்கப்பட்டபோது வரிச் சட்டம் 'பிரான்சைஸ்' என்ற சொல்லுக்கு வரையறை வகுத்தது. வரி வாங்குவதற்காக வரையறுக்கப்பட்ட ஒன்று, அதில் பணம் போடுவோரின் பாதுகாப்புக்காகத் தனிச் சட்டத்தால் வரையறுக்கப்படவில்லை. பொய்த் தகவல் தந்து ஒப்பந்தம் செய்தால் அதனை நீக்கிக்கொள்ளும் உரிமை ஒப்பந்தச் சட்டத்தில் உண்டு. ஆயினும் இழப்பு நேர்ந்தபின் நீதிமன்றம் செல்வதைக் காட்டிலும், பணம் கைமாறுமுன் உண்மை தெரிவது மேலன்றோ?

செய்யத்தக்கன

தகுதி வரையறையைச் சமூக நோக்குடன் அமைக்க முடியும் என்பதற்குப் பொதுத்துறையிலேயே சான்று உண்டு. பெட்ரோல் விற்பனை நிலையங்களுக்கு எண்ணெய் நிறுவனங்கள் நாளிதழ்களில் வெளிப்படையாக விளம்பரம் செய்கின்றன. வயது, கல்வி ஆகிய தகுதிகளை முன்கூட்டியே அறிவிக்கின்றன. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் முதலியோர்க்கு இட ஒதுக்கீடு அளிக்கின்றன. போதிய முதல் இல்லாத ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு நிறுவனமே நிதியுதவி செய்யும் திட்டமும் உண்டு. முதல் இல்லாமை தகுதியின்மை ஆகாது என்ற கொள்கை அதில் அடங்கியிருக்கிறது.

சிற்றுண்டி வணிகத்திலும் இக்கொள்கைக்கு வழி உண்டு. 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் பிணையின்றி 10 இலட்சம் ரூபாய் வரை கடன் பெறலாம். முந்திய கடனை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தியவர்க்கு இவ்வரம்பு 2024இல் 20 இலட்சமாக உயர்த்தப்பட்டது. 2020இல் தொடங்கிய தெரு வியாபாரிகளுக்கான ஸ்வநிதி திட்டத்தின் சிறு கடன், தொகையளவில் பெரிதன்று. ஆனால் தவணை தவறாமல் செலுத்தியதற்கான வங்கிச் சான்றை அது உருவாக்குகிறது. வரிக் கணக்கு இல்லாத ஒருவருக்கு அதுவே முதல் ஆவணம். வங்கி அலுவலரும் மாநகராட்சி அலுவலரும் தம் மேசைக்கு வரும் சிறு விண்ணப்பத்தை இக்கண்ணோட்டத்தில் காண்பது அவசியம். உரிமை வழங்கும் நிறுவனங்களும், பல ஆண்டு தொழில் அனுபவத்தை மூலதனத்தின் ஒரு பகுதியாக மதிக்கலாம். கடை நிறுவனத்துடையதாகவும் நிருவாகம் தொழில் தெரிந்தவருடையதாகவும் அமையும் முறையும் வணிகத்தில் புதியதன்று.

இவற்றோடு, முன்கூட்டியே விவரம் வெளிப்படுத்துவதைக் கட்டாயமாக்கும் எளிய சட்டம் ஒன்றும் தேவை. பல பக்கங்கள் கொண்ட ஆவணமன்று. மொத்த முதலீடு, மாதச் செலவு, மூடப்பட்ட கிளைகளின் எண்ணிக்கை, விலகும் வழி ஆகிய நான்கையும் வட்டார மொழியில் கூறும் ஒரே தாள் போதும். அது செம்பூர்க்காரரின் சேமிப்பைக் காக்கும்; தாராவிப் பெண்மணிக்கு இத்தொழிலில் நுழைவதா, தம் சொந்தப் பெயரிலேயே வளர்வதா என்று முடிவு செய்யத் துணைபுரியும்.

பணம், இடம், ஆவணம் ஆகியவை கடையைத் திறக்கும் தகுதிகள். தொழிலறிவு, உழைப்பு, கணக்கறிவு ஆகியவை கடையை மூடாமல் காக்கும் தகுதிகள். முன்னவற்றைக் கடனாலும் உதவியாலும் நிரப்ப இயலும். பின்னவற்றை அவ்வாறு நிரப்ப இயலாது. விண்ணப்பங்களை ஆராய்வோர் இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டால், விடியுமுன் எரியும் தாராவி அடுப்புகளின் தொழிலறிவும் நாட்டின் மூலதனக் கணக்கில் இடம்பெறும்.